பல் முளைக்காத பிள்ளை

மணலூத்துக்கு டவர் வருவதற்கு முன்னால் குழி வந்தது. குழி வந்தபோது ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. தேரிக்காட்டின் சிவப்பு மணலுக்கு நடுவே, பனைகளுக்கும் முந்திரிகளுக்கும் இடையில் கிடந்த அந்த ஊரில், செல்போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை டார்ச் லைட்டாகவும் பாட்டுப்பெட்டியாகவும் மட்டுமே வைத்துக்கொண்டு, யாரோடாவது பேச வேண்டுமென்றால் தேரியின் உச்சிக்கு ஏறி, ஒரு கையைத் தூக்கிப் பிடித்து, காற்று விட்டுக்கொடுத்த இரண்டு வார்த்தைகளைக் கத்திவிட்டு, மணலில் சறுக்கி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

அப்படி ஏறி இறங்கியவர்களில் சுயம்புக்கனியும் ஒருத்தி. அவள் புருஷன் தங்கப்பழம் மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு பிறந்த பெண்பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்தும் பெயர் வைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் அப்பன்காரன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முதல் தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதன் பிறகுதான் மற்றவர்கள் கூப்பிடலாம். வீடியோவில் பார்த்தாலும் பார்த்ததுதான் என்று தங்கப்பழம் ஒத்துக்கொண்டிருந்தான். ஆனால் தேரி உச்சிக்குக் குரல் வரும், அதுவும் பாதி வரும், முகம் வராது. அதனால் பிள்ளை வெறும் குட்டியாகவே கிடந்தது.

“பேரும் இல்ல, பல்லும் இல்ல. இவள என்னன்னு ஊருல சேக்கது?” என்று பக்கத்து வீட்டு உலகம்மா மைனி பிள்ளையின் ஈறைத் தடவிப் பார்த்துக் கேலி செய்வாள். சுயம்புக்கனி சிரித்துக்கொண்டே, “டவரு வரட்டும் மைனி, எல்லாம் வரும்” என்பாள்.

டவர் நட ஊருக்கு மேற்கே ஒரு மேட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் முன்னே செத்தவர்களை வைத்துப் புதைத்த பழைய தாழிகள் கிடைத்திருந்ததால், அந்த மேட்டின் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் கம்பி நட வேண்டும் என்று விதி இருந்தது. பார்த்துச் சொல்ல வந்தவர் தொல்லியல் துறையின் அருமைநாயகம் சார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்று, தான் சொன்னது சரிதானா என்று தனக்குள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். மேட்டின் மேல் கூடாரம் அடித்தார், முளை அடித்தார், நூல் கட்டினார், சதுரமாகக் குழி போட்டார். கூலிக்கு வந்த சுயம்புக்கனிக்கும் உலகம்மாவுக்கும் மண்ணைச் சுரண்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

பானை ஓடு, பாசிமணி, இரும்பு, எலும்பு, பல். இதில் ஒன்று கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட வேண்டும். சுற்றியிருக்கும் மண்ணை மட்டும் மெல்ல இறக்கிக்கொண்டே போக வேண்டும். அப்படி இறக்க இறக்க அந்தப் பொருள் தான் கிடந்த உயரத்திலேயே ஒரு சின்ன மண்மேடையின் மேல் தனியே நிற்கும். தூரிகையால் பெருக்கி, படம் எடுத்த பிறகுதான் அதைத் தொடலாம். மற்றதெல்லாம் மண். மண் சல்லடை வழியாகப் போய்க் குவியலில் விழும்.

“எங்க வீட்டு வாசலக்கூட இவ்வளவு பதமா நாங்க பெருக்குனதில்ல சார்” என்றாள் உலகம்மா.

“கிடக்கிற இடத்தை விட்டு எடுத்துட்டா எதுவும் ஊமையாயிடும்மா. அதான்” என்றார் அவர். சொல்லிவிட்டு, சரிதானா என்று யோசித்தார்.

குழி இடுப்பளவு இறங்கியபோது ஒரு தாழி தெரிந்தது. பெரிய தாழி இல்லை, ஒரு கைப்பிள்ளையைச் சுருட்டிப் படுக்க வைக்கிற அளவு. வாயை ஒரு மண்கிண்ணத்தால் மூடியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து டவர் கம்பெனியின் ஆள் பைக்கில் வந்து குழியின் விளிம்பில் நின்றான். வாரக்கணக்காக அவன் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வியை அன்றும் கேட்டான். “எலும்பு கிலும்பு இருக்கா சார்?”

எலும்பு இருந்தால் அந்த இடத்தில் டவர் இல்லை. சுயம்புக்கனிக்கு அது தெரியும். சார் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவியபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மண்ணுதான்” என்றார்.

“பிள்ளைய வச்ச தாழியா சார்?”

“அளவப் பார்த்தா அப்படித்தான் இருக்கணும். ஆனா இந்த மண்ணு பச்சைப்பிள்ளை எலும்ப விட்டு வைக்காதும்மா, கரைச்சுடும். பல்லு முளைச்சிருந்தா பல்லாவது கிடைக்கும். பல்லு முளைக்காததுக்கு ஒன்னுமே மிஞ்சாது.”

“அப்ப டவரு வந்துரும்லா?”

சார் அவளைப் பார்த்தார், கம்பெனி ஆளைப் பார்த்தார், அவன் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். “மண்ணுக்காக டவர நிறுத்தச் சொல்ல முடியாதே” என்றார். பிறகு, அதுவரை ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னார். “சலிக்க வேண்டாம். கொட்டிடு.”

சுயம்புக்கனி தாழியைச் சரித்து அதன் மண்ணைக் கூடையில் வாங்கினாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தபோது அது கதகதப்பாக இருந்தது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவது போல அவள் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்துகொடுத்தது. மகிழ்ச்சியில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. குவியலில் கொட்டிவிட்டுக் கூடையை ஒரு தட்டுத் தட்டினாள்.

அன்று உச்சிப்பொழுதில், ஊர் முழுக்கச் சோற்றுக்குப் பிறகு கண்ணயர்ந்து கிடந்த நேரத்தில், கிணற்றடியில் துவைகல்லைச் சுற்றியிருந்த தரை ஒரு சாண் கீழே இறங்கியது. இறங்கிய தரை நான்கு பக்கமும் கத்தி வைத்து அறுத்த மாதிரி நேராக இருந்தது. சுத்தமாகப் பெருக்கியிருந்தது. தூரிகை போன தடம் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தது. துவைகல் மட்டும் தன் பழைய உயரத்தில், அளவெடுத்து வெட்டிய ஒரு மண்மேடையின் மேல், கல்யாணத்துக்குக் குளித்து வந்தவனைப் போல நின்றது. எடுத்த மண் எங்கேயும் குவிந்திருக்கவில்லை. காலடி ஒன்றுகூட இல்லை.

“மழைக்கு அரிச்சிருக்கும்” என்றார் பஞ்சாயத்துத் தலைவர் கொம்பையா.

“மழை பேஞ்சு எட்டு மாசமாச்சு அண்ணாச்சி” என்றாள் உலகம்மா.

“அப்பம் காத்து.”

“காத்து நூலு புடிச்சா அறுக்கும்?”

மறுநாள் உச்சியில் ஆட்டுரல்கள் நின்றன. அதற்கு மறுநாள் குடிதண்ணீர்க் குழாய்களும், சாஸ்தா கோயிலின் சூலமும், கெட்டுப்போன தொலைக்காட்சிப் பெட்டிகளும், எல்லா வீட்டுப் பிளாஸ்டிக் குடங்களும் ஆளுக்கொரு மேடையில் நின்றன. கொம்பையாவின் வீட்டுப் பின்பக்கம் மண்ணுக்குள் புதைந்து கிடந்த மதுப்புட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனி மேடையில் அறுபத்துமூவரைப் போல வரிசையாக நின்றதைப் பார்த்து அவர் பெண்சாதி, “இது எந்த மழைக்கு அரிச்சது?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அன்றிலிருந்து அவர் மழையைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாரும் சாரிடம் போனார்கள். “எங்க ஊரத் தோண்டுதீங்களா சார்?”

அவர் தன் கைகளை விரித்துக் காட்டினார். “நானும் அந்த நேரத்துல தூங்கிட்டேன்.” அவருடைய ஜீப்பும் ஒரு மேடையின் மேல்தான் நின்றது. நான்கு டயரையும் யாரோ தூரிகையால் துடைத்திருந்தார்கள். அந்த வேலையின் நறுவிசைப் பார்த்து அவர் முகம் வெளுத்திருந்தது, ஏனென்றால் அவர் தன் வாழ்நாளில் ஒரு குழியைக்கூட அவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை.

திரும்பி வரும் வழியில் உலகம்மாதான் அதை ஊருக்கு விளங்கும்படி சொன்னாள். “நாம முன்னால இருந்தவங்களப் பாத்தோம். நமக்குப் பின்னால வரப்போறவங்க நம்மளப் பாக்காங்க. அவங்களும் இங்கன எதையோ நடப் போறாங்க போல. அதுக்கு முன்னால, இந்த ஊருல ஏதும் இருக்கான்னு பாத்துச் சொல்லணும்லா?”

“இருந்தா?”

“விட்டுருவாங்க.”

“இல்லன்னா?”

“கொட்டிருவாங்க” என்றாள் உலகம்மா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதையும் பழகிக்கொள்கிற ஊர் அது. தரை இறங்க இறங்க, வீடுகளுக்குப் படி வெட்டிக்கொண்டார்கள். பெண்கள் மேடைகளின் பக்கவாட்டில் சாணி மெழுகிக் கோலம் போட்டார்கள். கோழிகள் துவைகல்லிலிருந்து ஆட்டுரலுக்கும் ஆட்டுரலிலிருந்து குடத்துக்கும் தாவப் பழகின. ஊரின் நான்கு எல்லையிலும் நிமிர்ந்த மண்சுவர் வளர்ந்து, அதன் தலையில் முளை அடித்து இழுத்துக் கட்டிய ஒரு வெள்ளை நூல் ஓடியது. அதைக் கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் சுவரில் ஏணி சாத்திக்கொண்டார்கள், பனையேறிகள் அது இல்லாமலே ஏறிப் போய் வேலை பார்த்துவிட்டு வந்தார்கள். பஸ் சுவரின் விளிம்பில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் மேலிருந்து எட்டிப் பார்த்து, “ஏறுதவங்க ஏறி வாங்க, கெணத்துக்குள்ள எல்லாம் வண்டி வராது” என்று கத்தினான்.

உச்சிப்பொழுதைத்தான் யாராலும் பழகிக்கொள்ள முடியவில்லை. அந்த நேரம் வந்ததும் இமைகள் மேல் மண் அள்ளி வைத்ததுபோல் கனத்துவிடும். கண்ணைத் திறந்து வைத்திருக்க ஆண்கள் மிளகாய்ப் பொடி தடவிப் பார்த்தார்கள், முடியவில்லை. மூடிய கண்ணுக்கு வெளியே சரக், சரக் என்று தூரிகை ஓடும் சத்தம் கேட்கும். சில சமயம் அது நெற்றியில் ஓடும், புருவத்தை நீவிவிடும், காது மடலின் மடிப்புக்குள் நுழைந்து தூசியை எடுக்கும். அவ்வளவு பரிவாக யாரும் தன்னைத் தொட்டதில்லை என்று கொம்பையா சொன்னார். சொல்லும்போது அவர் பற்கள் கிடுகிடுவென்று ஆடின.

பிறகு பொருட்கள் காணாமல் போகத் தொடங்கின. மேடை கிடைக்காதவை மண்ணோடு போயின. ஓலை வேலிகள் போயின, கயிறுகள் போயின, வைக்கோல் போனது, மல்லிகைச் செடிகள் பூவோடு போயின, முதல் நாள் போட்ட கோலங்கள் போயின. நிற்கக்கூடியது நின்றது, மட்கக்கூடியதும் இளசாக இருந்ததும் போயின. இதைக் கண்டுகொண்ட ஊர், சாரின் குழியில் எவற்றைக் கண்டால் கையை எடுப்பார்கள் என்பதை நினைவில் கொண்டுவந்து, அவற்றையெல்லாம் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. ஆண்கள் பாசிமணி அணிந்துகொண்டார்கள். பெண்கள் அரிவாளை மடியில் செருகிக்கொண்டார்கள். திருச்செந்தூர்ச் சாலையிலிருந்து மண்பானைகள் வண்டி வண்டியாக வந்திறங்கின. உச்சிப்பொழுதில் ஊருக்குள் எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கொரு பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, புதுப் புருஷனை அணைத்துக் கிடப்பவளைப் போல, பெரியவர்களும் பிள்ளைகளும் படுத்துக் கிடந்தார்கள்.

சுயம்புக்கனி பிள்ளையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டினாள், காலில் தண்டை போட்டாள், கழுத்தில் பாசி கோத்துப் போட்டாள். ஊரில் அப்போது கைப்பிள்ளை அது ஒன்றுதான். போட்ட பிறகு அவளுக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் இரண்டு நாள் நின்றது.

மூன்றாம் நாள் உச்சி கழிந்ததும் உலகம்மாவின் ஆடு ஓயாமல் கத்தியது. அது முந்தின நாள்தான் குட்டி போட்டிருந்தது. ஆசையாகக் குட்டியின் கழுத்தில் உலகம்மா ஒரு வெண்கலமணி கட்டியிருந்தாள். தாய் ஆடு அகலமான ஒரு மேடையில் நின்றுகொண்டிருந்தது. அதன் மடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில், இன்னொரு சின்ன மேடை. அதன் மேல் மணி மட்டும் இருந்தது. மணியைக் கட்டியிருந்த கயிறும் இல்லை, குட்டியும் இல்லை. பெருக்கியிருந்தது.

உலகம்மா மணியை எடுக்கவில்லை. சுயம்புக்கனி வீட்டுக்கு ஓடிப் போய்ப் பிள்ளையின் அரைஞாணையும் தண்டையையும் பாசியையும் கழற்றி எறிந்தாள். எறிந்தவை தரையில் கிடந்து மினுங்கியபோது, நாளைக்கு அவை மூன்றும் மூன்று மேடையில் நிற்கிற காட்சி கண்முன் வந்தது. ஓவென்று அழுதாள். பிள்ளையின் வாயைத் திறந்து ஈறை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஈறு வெண்ணெய் போல இருந்தது.

மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடன்குடியிலிருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். ஏணி ஏறினாள். மேலே பஸ் உறுமிக்கொண்டு நின்றது. “வா தாயி, வெரசா வா” என்றான் கண்டக்டர். நூலைத் தாண்டி ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தாள். வைத்ததும் பிள்ளையின் மூடிய கைக்குள்ளிருந்து பொலபொலவென்று மணல் கொட்டியது. கொட்டக் கொட்டக் கை சிறுத்தது. பிள்ளை அழவில்லை, தன் கையையே வேடிக்கை பார்த்தது. அவள் காலை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். கை பழையபடி கொழுகொழுவென்று ஐந்து விரலோடு இருந்தது. நூலுக்கு அந்தப் பக்கம் கிடந்த ஒரு பிடி மணலைக் காற்று எடுத்துக்கொண்டு போனது.

“என்ன தாயி, ஏறலையா?”

“இல்லண்ணே” என்றாள். “நீங்க போங்க.”

அன்று இறங்கிய தரையின் விளிம்பு அவள் வீட்டு வாசலைத் தொட்டிருந்தது. அடுத்த உச்சிக்கு உள்ளே வந்துவிடும்.

அவள் ஏணியிலிருந்து இறங்கி நேரே, நூலுக்கு உள்ளேயே கிடந்த மேட்டுக்குப் போனாள். உலகம்மாவும் கூடவே ஓடினாள். சார் கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கையையே மறுபடியும் கழுவினார்.

“சார், பல்லில்லாத பிள்ளைய அவங்க என்ன செய்வாங்க?”

 அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை, அந்தப் பதிலை அவரே அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “தாழின்னா செத்தவங்களுக்குன்னுதான் இத்தனை வருஷமும் எழுதியிருக்கேன். பிள்ளைத் தாழிய எங்க பார்த்தாலும் செத்த பிள்ளைன்னே எழுதியிருக்கேன். அந்தப் பிள்ளை உயிரோட இருந்திருந்தா? அவங்க ஊரையும் யாரோ இப்படிப் பெருக்கிட்டு வந்து, பெத்தவ பயந்துபோய்…”

“ஒளிச்சு வச்சிருக்கா” என்றாள் சுயம்புக்கனி.

“அப்படியும் இருக்கலாம். எனக்குத் தெரியலம்மா. எனக்கு எதுவுமே தெரியல.”

“அந்தத் தாழியத் தாங்க சார்.”

பஞ்சும் துணியும் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்திருந்த தாழியை அவரே சுமந்துகொண்டு வந்தார். அவள் அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். வெறுமையாக, சில்லென்று, ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு போல இருந்தது. பிள்ளையை உள்ளே இறக்கப் போனவள் நின்றாள்.

“இதுல முன்னாடியே ஒருத்தி இருந்தாளே சார். நான்தான வெளிய கொட்டுனேன்.”

மண்குவியல் ஆளுயரத்துக்கு இருந்தது. வாரக்கணக்கில் கொட்டிய மண். எல்லாம் ஒரே சிவப்பு. எது தாழியின் மண் என்று சாருக்கும் தெரியவில்லை, கொட்டியவளுக்கும் தெரியவில்லை. சுயம்புக்கனி பிள்ளையைக் குவியலின் மேல் குப்புறப் படுக்க வைத்தாள். அதுவரை தவழ்ந்தறியாத பிள்ளை முழங்கையை ஊன்றி இழுத்து இழுத்து ஒரு பக்கமாகப் போய், ஓரிடத்தில் கன்னத்தை வைத்துக் காது கொடுத்துக் கேட்டது. கேட்டுவிட்டுக் கலகலவென்று சிரித்தது. சுயம்புக்கனி அங்கே கை வைத்தாள். அந்த இடம் மட்டும் கதகதப்பாக இருந்தது.

அதை அவள் இரண்டு கையாலும் அள்ளி முந்தானையில் சேர்த்தாள். பழக்கத்தில் சார் சல்லடையை எடுத்து நீட்டினார்.

“சலிக்காதீங்க சார்” என்றாள். அவர் சல்லடையைக் கீழே வைத்தார்.

“ஏட்டி, சவத்து மண்ணுக்கு மேல உசுருள்ள பிள்ளையவா படுக்க வைக்கப் போற?” என்றாள் உலகம்மா.

“இது அவ வீடு மைனி. அவள வெளிய தள்ளிட்டு எம்பிள்ளைய வச்சேன்னா, நாளைக்கு எம்பிள்ளைய எவளாவது வெளிய தள்ளுவா. ரெண்டு பேரும் ஒரே தொட்டிலுல கெடக்கட்டும்.”

மண்ணைத் தாழிக்குள் மெதுவாக இறக்கினாள். அதன் மேல் பழைய சேலையை மடித்துப் போட்டாள். பால் கொடுத்துத் தூங்க வைத்த பிள்ளையைச் சுருட்டி உள்ளே படுக்க வைத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. மண்கிண்ணத்தை மூடும்போது மூச்சு போக ஒரு பனைஈர்க்கை இடுக்கில் வைத்தாள். பிறகு தாழியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்தாள். படுத்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. தாழிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கொட்டச் சொன்னவர்களும் இருக்கிறார்களே. நெஞ்சு அடித்த அடியில் தாழி அதிர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் இமைகள் விழுந்துவிட்டன.

சரக், சரக். வாசல்படியைத் தாண்டி வந்தது. அடுப்பங்கரையைச் சுற்றிவிட்டு வந்தது. அவளுக்குக் கீழே தரை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போவதும், தான் மட்டும் உயரத்திலேயே நிற்பதும் முதுகுக்குத் தெரிந்தது. தூரிகை அவள் நெற்றியைத் துடைத்தது, கண்ணோரத்து நீரைத் துடைத்தது, தாழியைச் சுற்றியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தது. அவள் கத்தினாள், சத்தம் வரவில்லை. கிண்ணத்தை யாரோ தூக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். முழங்கை உரசுகிற சத்தத்தோடு ஒரு கை தாழிக்குள் இறங்கியது.

மேலே, வெகு உயரத்தில், ஒருவன் எதையோ கேட்டான். அந்தப் பாஷை அவளுக்குத் தெரியாது. கேள்வி தெரிந்தது.

உள்ளே இறங்கிய கை துழாவியது. சேலையைத் தடவியது. நின்றது. அவளுக்கு ஆயுள் முழுக்க நின்ற மாதிரி இருந்தது. எந்த வார்த்தை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், அதைச் சொல்ல வாய் திறக்கிற மூச்சுச் சத்தம்கூடக் கேட்டுவிட்டது. அப்போது தாழிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம், பாக்கைக் கடித்த மாதிரி. வெளியே ஓர் அலறல். கை வெடுக்கென்று வெளியே போனது. ஏதோ உருண்டது, தூரிகை கீழே விழுந்தது, பல குரல்கள் ஒரே நேரத்தில் பேசின. எல்லையில் முளை பிடுங்கும் சத்தம் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கேட்டது. பிறகு கோழி கூவியது. அவள் கண் திறந்துகொண்டது.

பிள்ளை தாழிக்குள் விழித்துப் படுத்திருந்தது. தூக்கியபோது இரண்டு பிள்ளையைத் தூக்குகிற கனம் கனத்தது. தாழிக்குள் சேலை இருந்தது. மண் ஒரு பொட்டுக்கூட இல்லை. பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. கீழ் ஈறில், நட்டநடுவில், ஒரு பல் இருந்தது. பால் நிறப் பல் இல்லை. தேயிலைச் சாயம் ஏறிய நிறத்தில், நுனி தேய்ந்து, எத்தனையோ காலம் மண்ணுக்குள் கிடந்த பல்.

ஓடி வந்த அருமைநாயகம் சார் அதைக் குனிந்து பார்த்தார். தொடுவதற்கு விரலை நீட்டினார். பிள்ளை அந்த விரலையே பார்த்தது. அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

அந்த மேட்டில் ஒரு பிள்ளையின் பல் இருப்பதாக அவர் எழுதிக் கொடுத்தார். எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களிடம், கிடக்கிற இடத்தை விட்டு எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். கம்பெனி ஆள் வைதுகொண்டே பைக்கை எடுத்துப் போய்த் தேரிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கிடைக்காத ஓர் இடத்தில் டவரை நட்டான். மணலூத்தின் தரை இறங்கியது இறங்கியபடியே கிடக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குப் படி ஏறித்தான் போகிறார்கள். உலகம்மாவின் வெண்கலமணி அதே மேடையில் இருக்கிறது. இன்றைக்கும் உச்சிப்பொழுதில் அங்கே யாரும் கண்ணை மூடுவதில்லை. சுயம்புக்கனி பால் கொடுக்கும்போது அந்தப் பல் மார்பில் படும். அது மட்டும் சில்லென்று இருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுப்பாள், ஒரு தடவை இவளுக்கு, ஒரு தடவை அவளுக்கு என்று.

சிக்னல் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தங்கப்பழம் வீடியோவில் வந்தான். சவரம் செய்து, புதுச்சட்டை போட்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஏட்டி, அதுக்குள்ள பல்லு முளைச்சிட்டா? நான் பாக்கதுக்கு முன்னாடியே?” என்றான். அவள் பிள்ளையின் வாயைப் பொத்துவது போலக் கையைக் கொண்டுபோனாள்.

“கைய எடு. பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிடுதேன்” என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். “ஒரு பேரு யோசிச்சு வச்சிருக்கேன்.”

அவன் சொல்வதற்கு முன்னால் பிள்ளை வாயைத் திறந்தது. அந்தப் பழைய பல் தெரிய, தெளிவாக, ஒரு வார்த்தை சொன்னது. அந்த வார்த்தை சுயம்புக்கனிக்குத் தெரியாது. உலகம்மாவுக்கும் தெரியாது, தங்கப்பழத்துக்கும் தெரியாது, ஊரில் யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அது ஒரு பெயர் என்பது மட்டும் சுயம்புக்கனிக்கு விளங்கியது. இரண்டு பிள்ளைகளில் யாருடைய பெயர் என்பதுதான் விளங்கவில்லை.